சரியலாம் என்று எழுதினேன்

போன மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்து இளைய உத்தியோகத்தர்கள் இரண்டு பேர் கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுக்கு வந்தார்கள். மலைச் சரிவுகளில் இப்போது கருவி பதிக்கிறார்களாம். நிலம் ஒரு நூல் அசைந்தாலும் கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்துவிடுமாம். தேநீர் குடித்துக்கொண்டே அதில் ஒரு பிள்ளை கேட்டாள்: "அந்தக் காலத்துல முளைக்கட்டையும் டேப்பும் வச்சுத்தானே அளந்தீங்க அங்கிள், பயமா இருக்கலையா?"

"என்ன பயம், வேலைதானே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பொய். அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கண்டியில் உயர்தரம் வரை படித்தேன். பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை. அடுத்த வருடமே அதே பல்கலைக்கழகத்துக்கு, மண் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுகிறவனாகப் போனேன். பிறகு பரீட்சைகள் எழுதி தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆனேன். முப்பத்தொன்பது வருடம் ஒரே கட்டடம், ஒரே படிக்கட்டு.

என் மேலதிகாரி ஒரு பேராசிரியை. எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம். சிங்களத்தில் பேசுவார், சத்தம் போட்டு ஏசியதே இல்லை. ஏசினால் பரவாயில்லை என்று தோன்றும்படி ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

வேலையில் சேர்ந்து மூன்றாம் வருடம் அந்தக் கேள்வி எனக்கு வந்தது. மண்ணின் ஈரத்தைக் கண்டுபிடிக்க, ஒரு சின்ன டப்பாவில் மண்ணை நிறுத்து, ஒரு முழு நாள் அடுப்பில் காயவைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். பன்னிரண்டு டப்பாக்களில் ஒன்றை நான் நிறுக்க மறந்துவிட்டேன். மண்ணையும் கொட்டியாயிற்று. பக்கத்து டப்பாக்களைப் பார்த்து, நடுவே பொருந்துகிற மாதிரி ஓர் எண்ணை எழுதி வைத்தேன். மேடம் தாளைப் பார்த்தார். அந்த ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"சேவியர், இதைப் பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

 தாளில் இருந்த பன்னிரண்டு எண்ணையும் மேடமே வெட்டிவிட்டு, மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு திகனைக்கு அப்பால் இருந்த அந்த இடத்துக்கே போய்ப் புதிதாக மண் எடுத்தார். வழியெல்லாம் வேறு கதைதான் பேசினார். அதற்குப் பிறகு நான் பார்க்காத எண்ணை எழுதியதில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தபோது, இறுதி வருட மாணவி ஒருத்தி ஆய்வுகூடத்துக்கு வந்தாள். பெயர் தர்ஷினி. கெலிஓயாவில் இருந்து மேலே ஏறும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அந்தத் தோட்டத்தில் இருந்து பொறியியல் படிக்க வந்த முதல் ஆள். அவளுடைய ஆய்வு வேறோர் இடத்தைப் பற்றியது. அன்று அவள் காட்டியது கைத்தொலைபேசியில் எடுத்த தன் வீட்டுத் தரையின் படம்.

"சாதாரண வெடிப்பு இல்ல அங்கிள். போன மாசம் இருந்து கதவு சரியா மூடுதில்ல. மலையில இருந்து வாற பீலித் தண்ணியும் கலங்கி வருது."

மேடத்திடம் கூட்டிப் போனேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, தோட்ட நிர்வாகம் கேட்டு எழுதாமல் பல்கலைக்கழகம் அங்கே போய் நிலத்தைத் தோண்ட முடியாது என்றார். தர்ஷினி கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்தாள்.

"மேடம், எங்க வீட்டுக்கு நீங்க விருந்தாளியா வாறதுக்கு யாருகிட்ட அனுமதி கேக்கணும்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் விருந்தாளியாகப் போனோம்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், நாலு லயம், இருபத்தாறு குடும்பம். லயத்துக்குப் பின்னால் தேயிலை மலை செங்குத்தாக ஏறுகிறது. தர்ஷினியின் அம்மா சரோஜா கொழுந்து பறிக்கிறவர், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவர்தான் எங்களை மேலே கூட்டிப் போனார். செடிகளுக்கு நடுவே புல்லை விலக்கிக் காட்டினார். வில் வளைந்த மாதிரி ஒரு வெடிப்பு, நாலு லயத்தையும் தன் வளைவுக்குள் வைத்துக்கொண்டு போனது. என் கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. உள்ளே குளிர்ந்து இருந்தது. கையை வெளியே இழுத்தபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

வெடிப்பின் இரண்டு பக்கமும் மூன்று சோடி முளைக்கட்டைகள் அடித்தோம். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஆணி. ஆணிக்கும் ஆணிக்கும் இடையே டேப்பை இழுத்து அளக்க வேண்டும். டேப் தொய்யக் கூடாது, காற்றில் ஆடக் கூடாது, ஒவ்வொரு சோடியையும் மூன்று தடவை அளக்க வேண்டும். தினமும் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போகுமுன் அளந்து சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. சரோஜா டேப்பை வாங்கிக்கொண்டார். முதல் வாரத்திலேயே தொலைபேசியில் ஒரு நாள், "ரெண்டாவது சோடி இன்னைக்கு மூனு தடவையும் மூனு மாதிரி வருது சேர். நான் எழுதல. மறுபடி போய் பார்த்துட்டு சொல்றேன்" என்றார். அந்த ஒரு பேச்சில் என்னைவிட நல்ல உத்தியோகத்தர் அவர் என்று தெரிந்துகொண்டேன்.

மண்ணைக் குழாய்களில் எடுத்து, இரண்டு முனையையும் மெழுகு ஊற்றி அடைத்து, ஆட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். ஆய்வுகூடத்தில் வெட்டிப் பார்த்தபோது கல்லும் மண்ணும் கலந்து கிடந்தது. மேடம் அதை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார். பழைய காலத்தில் எப்போதோ சரிந்து வந்து தங்கிய மண் அது. அதன் மேல்தான் லயம் கட்டியிருக்கிறார்கள். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா நிற்கும் மேட்டில் இருந்து எடுத்தது கெட்டிப் பாறை. அந்தக் காலத்திலேயே யாரோ பார்த்துத்தான் இடம் பிரித்திருக்கிறார்கள்.

அறிக்கையை மேடம் ஆங்கிலத்தில் எழுதி, தோட்டத்துக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் அனுப்பினார். அலுவலகத்தில் இருந்து தோட்டத்துக்கு ஓர் எச்சரிக்கை அறிவித்தல் வந்தது. அதைத் தோட்டத்து அலுவலகத்தில், கந்தோர்ப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். சிங்களத்தில் இருந்தது. லயத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர் மூன்று பேர்.

தர்ஷினி இதைச் சொன்ன அன்று மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "தமிழில் எழுதுங்க சேவியர். அதுக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுறேன். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால நீங்க எழுதுறதுதான்."

ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டிய விஷயம். ஒரு முழுப் பகல் எடுத்தேன். வெடிப்பு, முளை, தண்ணீர் எல்லாம் எளிதாக வந்தது. ஒரு வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டேன். இந்த மலை சரியும் என்று எழுதுவதா, சரியலாம் என்று எழுதுவதா? 'சரியும்' என்று ஆய்வு சொல்லவில்லை. 'சரியலாம்' என்றால், மழை வரலாம், பஸ் வரலாம் என்பதுபோல ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். மேடத்திடம் கேட்டேன். "நமக்குத் தெரிஞ்சதுக்கு மேலேயும் சொல்லக் கூடாது, கீழேயும் சொல்லக் கூடாது" என்றார். சரியலாம் என்று எழுதினேன். முளைகளுக்கு இடையே ஒரு நாளில் ஒரு விரல் அகலம் கூடினால் எல்லோரும் கீழே இருக்கும் தோட்டத்துப் பாடசாலைக்கு இறங்க வேண்டும் என்றும் எழுதினேன். மேடம் தனக்குத் தெரியாத எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தர்ஷினி அதை லயத்துக்கு எடுத்துப் போனாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காலையில் தொலைபேசி அடித்ததும் சரோஜா சொல்லும் அளவை எழுதுவேன். இரண்டு மில்லிமீற்றர். மூன்று. ஐந்து. ஒரு நாள் ஒன்றுமே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சரோஜாவின் குரல் மாறியிருந்தது.

"பத்தொம்பது சேர். மூனு தடவை பார்த்தேன். பத்தொம்பதுதான்."

ஒரே நாளில் பத்தொன்பது மில்லிமீற்றர், ஒரு விரல் அகலம். மேடம் கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தார். தொலைபேசி எடுபடவில்லை. நான் ஆய்வுகூடத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன அதிகாரம்? இறங்கச் சொல்லி, மலை சரியாவிட்டால் அடுத்த தடவை யாரும் இறங்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டால்... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

"இறங்கச் சொல்லுங்க சரோஜா. எல்லாரையும்."

"சரி சேர்."

தர்ஷினியோடு நானும் போனேன். இருபத்தாறு குடும்பமும் பாடசாலை மண்டபத்தில் நனைந்துபோய் நின்றது. துரை ஜீப்பில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, மேலே பதில் சொல்ல வேண்டியவர். "யார் உங்களுக்கு உத்தரவு குடுத்தது? நீங்க இன்ஜினியரா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அன்று மலை சரியவில்லை. புதன்கிழமையும் சரியவில்லை. ஒரு மண்டபத்தில் நூறு பேருக்கு மேல். பிள்ளைகளுக்குக் காய்ச்சல். "கெம்பஸ்காரங்க பேச்சைக் கேட்டு நாங்க இங்க நாறிக்கிட்டு கிடக்கோம்" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். தர்ஷினி தன் சொந்தச் சனத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் மூலையில் இருந்தாள்.

வியாழக்கிழமை காலை நல்ல வெயில் அடித்தது. அந்த வெயிலைப்போல நான் எதற்கும் பயந்ததில்லை. மழை விட்டாலும் மண்ணுக்குள் போன தண்ணீர் போகாது. ஆனால் வெயிலில் நின்றுகொண்டு அதை யார் நம்புவார்கள்? பத்துப் பதினைந்து பேர் ஈர உடுப்பு காயப்போடவும், கோழிக்குத் தீனி வைக்கவும் லயத்துக்குப் போய்விட்டார்கள்.

மேடம் அன்று காலையில்தான் வந்து சேர்ந்தார். துரையும் வந்திருந்தார். மழைதான் விட்டாச்சே, ஆட்கள் வேலைக்கு வரட்டும் என்றார். மேடம் என்னைப் பார்த்தார். "புது அளவு ஒன்னு வேணும்."

சரோஜா டேப்பை எடுத்துக்கொண்டு எழும்பினார். இரண்டு நாளாக யாரும் அளக்கவில்லை, நான்தான் வேண்டாம் என்றிருந்தேன். ஒரு மாதமாகத் தினமும் காலையில் அந்தப் பெண்ணைத்தான் மேலே அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"குடுங்க. நான் போறேன்."

லயத்தைக் கடந்து போகும்போது கொடியில் உடுப்புகள் தொங்கின. மூன்றாம் லயத்துக் கடைசி வீட்டில் பெரியசாமி, தோட்டத்துக் காவல்காரர், வாசலில் நின்று, "என்னாங்க சேர், மலை ஓடிருச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு உள்ளே போனார். நானும் சிரித்தேன்.

மேலே போனதும் முதல் சோடியில் டேப்பை இழுத்தேன். ஒரு சாண் கூடியிருந்தது. இரண்டாவது சோடியில் கீழ்ப்பக்க முளையைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். முழங்கால் ஆழத்தில் நின்றது. மூன்றாவதுக்குப் போக ஓர் அடி வைத்தபோது கீழே எங்கோ நூல் அறுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து. தேயிலை வேர் அறுகிற சத்தம்.

ஓடினேன். ஐம்பத்தாறு வயது, ஒரு கால் செருப்பு இல்லை. "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தினேனா, வெறுமனே கத்தினேனா தெரியாது. என் அறிக்கையை நம்பாதவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் உடுப்பைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மூன்றாம் லயத்துக் கடைசி வீட்டைத் தாண்டும்போது தட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளே இருந்து கதவைத் தட்டுகிற சத்தம்.

நிலம் அசைந்தால் கதவின் நிலை கோணும். நிலை கோணினால் கதவு இறுகும். இது எனக்குத் தெரியும். கதவை நெம்ப ஓர் அலவாங்கு, கடப்பாரை, இருந்திருந்தால் திறந்திருக்கலாம். அலவாங்கு எங்கே இருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நிற்கவில்லை. ஓடினேன்.

பாடசாலை வாசலுக்கு வந்து திரும்பியபோது மலை இறங்கிக்கொண்டிருந்தது. வேகமாக இல்லை. தேயிலைச் செடிகள் நின்றபடியே நகர்ந்து வந்தன. பிறகு மூன்று லயங்கள் இல்லை. நாலாவது லயம் பாதி நின்றது. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது.

பெயர்களைக் கூப்பிட்டு எண்ணினார்கள். பெரியசாமி மட்டும் இல்லை. இரண்டு நாள் கழித்துக் கண்டெடுத்தார்கள்.

எல்லோரும் என் கையைப் பிடித்து அழுதார்கள். மண்டபத்தில் ஏசியவர் என் காலில் விழ வந்தார்.  அடுத்த வாரம் மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். தட்டுகிற சத்தம் கேட்டது, நான் நிற்கவில்லை என்று.

 அவர் அதே கேள்வியைத்தான், மெதுவாக, கேட்டார். "கேட்டீங்களா சேவியர், நினைச்சீங்களா?"

"கேட்டேன் மேடம்."

"அப்படீன்னா அதையும் சொல்லுங்க."

திடீர் மரண விசாரணையில் சொன்னேன். விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார். நான் செய்தது குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. உத்தரவு இல்லாமல் ஆட்களை இறக்கியது யார் என்று தோட்டத்துத் தரப்பில் கேட்டபோது, தான்தான் என்று மேடம் எழுதிக் கொடுத்தார். அன்று கொழும்பில் அவருடைய தொலைபேசி எடுபடவில்லை என்பதை நான் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி இருக்கச் சொன்னார். முப்பது வருடத்தில் அவர் பார்க்காததை எழுதியது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்தபோது பெரியசாமியின் மனைவி மாமரத்தடியில் நின்றார். நான் கிட்டப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நின்னிருந்தா நீங்களும் போயிருப்பீங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நின்னிருக்கலாம்" என்றார்.

 

தர்ஷினியின் புத்தகங்கள், கணினி, குறிப்புகள் எல்லாம் மண்ணோடு போய்விட்டன. கூடப் படித்த பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள்தான் அதிகம், தங்கள் குறிப்புகளைப் பங்கு போட்டுப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். பாடசாலை மண்டபத்தில் நூறு பேர் நடுவே இருந்து படித்து, பரீட்சை எழுதிச் சித்தியடைந்தாள். இப்போது மலைச் சரிவுகளைப் பற்றிய வேலையில்தான் இருக்கிறாள். அவள் எழுதும் அறிக்கை மூன்று மொழியிலும் போகிறது என்று கேள்வி. எங்கள் பல்கலைக்கழகத்தின் மண்டபங்களில் சமத்துவம் பற்றியும் நிலைத்த அபிவிருத்தி பற்றியும் எத்தனையோ மாநாடுகள் நடந்திருக்கின்றன. கதிரை அடுக்க நானும் போயிருக்கிறேன். அந்தச் சொற்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கந்தோர்ப் பலகையில் ஒட்டியிருந்த அந்தத் தாள்தான் நினைவுக்கு வரும்.

மண் சரிந்த மறுவருடம் அந்தக் குடும்பங்களுக்கு வீடு கட்ட இடம் தருவதாகத் தோட்டத்தில் சொன்னார்கள். ஓடைப் பக்கமாகச் சமதரை, பார்க்க அழகான இடம். ஆட்களுக்கு மண்டபத்தை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, சரோஜாவும் இன்னும் மூன்று பெண்களும் ஆய்வுகூடத்துப் படியேறி வந்தார்கள். மகள் அங்கே நாலு வருடம் படித்திருக்கிறாள், ஆனால் அவர் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை. ஒவ்வொருவர் கையிலும் இறுகக் கட்டிய பைகள். அவர்களே ஆள் உயரத்துக்குத் தோண்டி எடுத்த மண். ஒவ்வொரு பையிலும் தமிழில் ஒரு துண்டு: எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்த நாள்.

"ஓடைப் பக்கத்துல எடுத்தது நாலு. மேட்டுப் பக்கத்துல நாங்களா பார்த்து எடுத்தது நாலு" என்றார் சரோஜா. "பார்த்து தமிழ்ல எழுதி குடுங்க சேர். அந்தப் பேப்பர வச்சிக்கிட்டுதான் துரைகிட்ட பேசப் போறோம்."

பையில் வந்த மண்ணை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. அந்த வாரமே மேடம் ஆட்களை அனுப்பிக் குழாய் இறக்கிப் பார்த்தார். ஓடைப் பக்கம் ஆகாது என்றும் மேடு தாங்கும் என்றும் எழுதிக் கொடுத்தோம். இரண்டு வருடம் இழுத்தது. மேட்டில் இப்போது பதினைந்து வீடு நிற்கிறது. பதினொரு குடும்பம் இன்னும் தகரக் கொட்டிலில்தான் இருக்கிறது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இது ஒன்றும் எனக்குத் தெரியாது. இந்த மண்ணும் கெட்டதாக இருந்தால் இவர்கள் எங்கே போவார்கள் என்ற பயம்தான் இருந்தது. முதல் பையைப் பிரித்து, டப்பாவில் இட்டு, தராசில் வைத்தேன். இலக்கம் உடனே நிலைகொள்ளவில்லை. கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னேன். சரோஜா உட்காரவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, இலக்கம் அசையாமல் நிற்கும் வரை பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே அதை வாசித்தார். பிறகு, "எழுதிக்கிங்க சேர்" என்றார்.